ஸ்டான் கெட்ஸின் ‘ஃபோகஸ்’: எழுதி முடித்த இசைக்குள் எழுதாத ஒரு குரல்

மந்த்ரஸ்தாயி:

அனைவருக்கும் வணக்கம். சாக்ஸபோனைத் தந்தி வாத்தியக் குழுவோடு இணைத்த ஜாஸ் ஆல்பங்களைப் பற்றி இங்கே அவ்வப்போது பேச்சு எழுகிறது. அந்த வகையில் தனித்து நிற்கும் ஓர் ஆல்பத்துக்கென்று மட்டும் இதுவரை ஓர் இழை இல்லை. ஆகவே இதைத் தொடங்குகிறேன். டெனர் சாக்ஸபோன் கலைஞர் ஸ்டான் கெட்ஸ் வாசிக்க, எடி சாட்டர் இசையமைக்க, 1961-இல் நியூயார்க்கில் பதிவாகி வெர்வ் இசைத்தட்டு நிறுவனத்தின் வெளியீடாக வந்த ‘ஃபோகஸ்’தான் அது. தயாரித்தவர் கிரீட் டெய்லர். தந்தி வாத்தியக் குழுவை நடத்தியவர் ஹெர்ஷி கே. ஏழு பகுதிகள் சேர்ந்தும் நாற்பது நிமிடத்தை எட்டாது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கெட்ஸ் 1958 முதல் டென்மார்க்கில் வாழ்ந்துவிட்டு 1961-இன் தொடக்கத்தில் அமெரிக்காவுக்குத் திரும்பினார். அவர் இல்லாத அந்த இடைவெளியில் ஜான் கோல்ட்ரேனும் சானி ராலின்ஸும் டெனர் சாக்ஸபோனின் போக்கையே மாற்றியிருந்தார்கள். கெட்ஸின் மென்மையான தொனி பழைய காலத்தைச் சேர்ந்தது என்று பலர் எண்ணத் தொடங்கியிருந்தார்கள். அந்த நேரத்தில் அவர் சாட்டரிடம், தமக்காகப் புதிதாக ஏதேனும் எழுதித் தருமாறு கேட்டார். எதை எழுத வேண்டும் என்று நிபந்தனை எதுவும் விதிக்கவில்லை.

சாட்டர் செய்ததுதான் வியப்புக்குரியது. மக்களுக்குத் தெரிந்த பாடல்களை எடுத்துக்கொண்டு அவற்றுக்குப் பின்னால் வயலின்களை நீட்டி இழுக்கவைக்கும் வழக்கமான வேலையை அவர் ஏற்கவில்லை. தமக்கென்று கருவும் வடிவமும் தொடர்ச்சியும் உடைய, சாக்ஸபோன் இல்லாமலேகூட ஏறத்தாழ நிற்கக்கூடிய ஏழு இசைப்படைப்புகளைத் தந்தி வாத்தியங்களுக்கென்று எழுதினார். கெட்ஸுக்கு வாசிக்கவேண்டிய மெட்டு என்று எதையும் எழுதித் தரவில்லை. அந்த முழுமையான நெசவுக்குள் நுழைந்து, கேட்டுக் கேட்டு, தம் மனோதர்மத்தால் (அந்த நொடியில் தோன்றுவதை வாசிக்கும் திறனால்) இன்னொரு குரலை உருவாக்கவேண்டிய பொறுப்பு முழுவதும் கெட்ஸுடையது.

நான் முன்வைக்க விரும்பும் கருத்து இதுதான். கலைஞருக்காக வெற்றிடம் விட்டுக் காத்திருக்கும் இசையைவிட, அவரைப் பொருட்படுத்தாமல் தன் வழியில் போய்க்கொண்டிருக்கும் இசையே மனோதர்மத்தைக் கூர்மையாக்குகிறது. ‘ஃபோகஸ்’ அதற்கு மிகச் சிறந்த சான்று என்று நம்புகிறேன். உங்கள் கருத்துகளை, குறிப்பாக மறுப்புகளை, எதிர்பார்க்கிறேன்.

பழந்தட்டு:

நல்ல தொடக்கம். ஆயினும் ‘வழக்கமான வேலை’ என்று நண்பர் ஒரே சொற்றொடரில் ஒதுக்கிய மரபுக்காகச் சற்றுப் பேசவேண்டியிருக்கிறது.

ஆல்ட்டோ சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கர் 1949 நவம்பர் 30 அன்று, நார்மன் கிரான்ஸின் தயாரிப்பில், ஒரு சிறிய தந்தி வாத்தியக் குழுவும் ஹார்ப்பும் ஓபோவும் சூழ, பியானோ, பாஸ், டிரம்ஸ் ஆகியவற்றோடு பதிவு செய்தவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே தந்தி வாத்தியங்களுக்கு எழுதப்பட்டவை பெரும்பாலும் எளிய இசை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘ஜஸ்ட் ஃபிரெண்ட்ஸ்’ பாடலில் பார்க்கர் வாசித்திருப்பதைக் கேட்டவர் எவரும் அந்த எளிமையைக் குறையாகச் சொல்லமாட்டார். தம் பதிவுகளில் தமக்குப் பிடித்தது அதுவே என்று அவரே குறிப்பிட்டிருக்கிறார். கேட்பவருக்குப் பாடல் முன்பே தெரியும். முப்பத்திரண்டு அளவுகளில் (தாளக் கூறுகளில்) அது எங்கே திரும்பும், எங்கே முடியும் என்பதும் தெரியும். ஆகவே பார்க்கர் அந்தப் பாதையிலிருந்து எவ்வளவு தொலைவு விலகுகிறார், எந்த நொடியில் திரும்பி வந்து சேர்கிறார் என்பதைக் கேட்பவர் உடனுக்குடன் உணர முடிகிறது. மனோதர்மத்தை இனங்காண இதைவிட நேரிய வழி இல்லை.

‘ஃபோகஸ்’ அந்த வசதியைக் கேட்பவருக்குத் தருவதில்லை. சாட்டரின் இசையும் நமக்குப் புதிது, கெட்ஸின் வாசிப்பும் புதிது. எது எழுதப்பட்டது, எது அப்போது தோன்றியது என்று பிரித்தறிய முதல்முறை கேட்பவரால் இயலாது. இது ஒரு கடுமையான விலை என்றே நினைக்கிறேன்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். கெட்ஸே 1960-இல் ஜெர்மனியில், ரஸ் கார்சியாவின் இசைக்கோப்பில், தந்தி வாத்தியங்களோடு ‘கூல் வெல்வெட்’ என்ற ஆல்பத்தைப் பதிவு செய்திருக்கிறார். அது முழுக்க முழுக்கப் பழைய முறையைச் சேர்ந்தது. அதே கலைஞர், அதே கருவி, ஓர் ஆண்டு மட்டுமே இடைவெளி. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் மந்த்ரஸ்தாயி சொல்வதன் நியாயம் புலப்படும் என்பதை மறுக்கமாட்டேன். அதற்காகப் பழைய முறை தாழ்ந்தது என்று ஆகிவிடாது.

வயோலாக்காரர்:

ஒரு சிறிய தந்தி வாத்தியக் குழுவில் வயோலா (வயலினைவிடச் சற்றுப் பெரிய, தாழ்ந்து ஒலிக்கும் கருவி) வாசிப்பவன் என்ற முறையில், சாட்டரின் எழுத்தைப் பற்றிச் சில நுட்பங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஸ்தாயி. டெனர் சாக்ஸபோன் ஒலிக்கும் எல்லை, ஏறத்தாழ, வயோலாவைவிடத் தாழ்ந்து ஒலிக்கும் செல்லோவின் நடுப்பகுதியில் தொடங்கி, வயோலாவின் எல்லையை முழுவதும் தழுவி, வயலினின் நடுப்பகுதிவரை செல்கிறது. ஆல்ட்டோ சாக்ஸபோனோ புல்லாங்குழலோ பெரும்பாலும் குழுவுக்கு மேலே மிதந்து செல்லும். டெனர் அப்படியல்ல, குழுவின் நடுவிலேயே உட்கார்ந்துகொள்ளும். எனவே டெனருக்குப் பின்னணி எழுதுபவர்கள் வயலின்களை உயரத்தில் ஏற்றிவிட்டு, செல்லோவையும் பாஸையும் அடியில் அமர்த்தி, நடுவைக் காலியாக விடுவதே பாதுகாப்பான வழி. சாட்டர் அந்த வழியில் போகவில்லை. நடுக்குரல்களுக்கு உண்மையான வேலை கொடுத்திருக்கிறார். வயோலாவும் செல்லோவும் தமக்கென்று கருக்களை எடுத்துக்கொண்டு கெட்ஸின் குரலைக் குறுக்கே கடந்து போகின்றன. கெட்ஸின் தொனி மட்டும் அவ்வளவு இலேசானதாகவும் மூச்சுக்காற்று கலந்ததாகவும் இல்லாமல் இருந்திருந்தால் இது சேறாகக் குழம்பியிருக்கும். முந்தைய தலைமுறை டெனர் கலைஞர் லெஸ்டர் யங்கின் வழியில் வந்த அந்தத் தொனியை மனத்தில் நிறுத்தித்தான் சாட்டர் இவ்வாறு எழுதத் துணிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, பியானோ இல்லாமை. கிதாரும் இல்லை. ஜாஸ் கலைஞர் சோலோ வாசிக்கும்போது பியானோ அவருக்கு ஒவ்வோர் அளவிலும் கார்ட் எனப்படும், ஒருசேர ஒலிக்கும் ஸ்வரக் கூட்டத்தைத் தெளிவாக அறிவித்துக்கொண்டே இருக்கும். இங்கே அந்த அறிவிப்பு கிடையாது. ஒத்திசைவு, தனித்தனிக் குரல்கள் தத்தம் வழியே நகரும் கவுண்டர்பாயிண்ட்டின் விளைவாகவே உருவாகிறது. ஆகவே கெட்ஸ் ‘இப்போது இந்தக் கார்ட்’ என்று எண்ணி வாசிக்க முடியாது. இரண்டாம் வயலின் எங்கே போகிறது, பாஸ் எங்கே இறங்குகிறது என்று ஒவ்வொரு குரலின் ஓட்டத்தையும் தொடர்ந்து கேட்டே வாசிக்கவேண்டும். முப்பத்திரண்டு அளவுகள் கொண்ட சுழற்சியும் இல்லாததால், தவறவிட்டால் அடுத்த சுற்றில் பிடித்துக்கொள்ளலாம் என்ற ஆறுதலும் அவருக்கு இல்லை. ஓடும் ஆற்றில் இறங்கியவரின் நிலை அது: ஆறு அவருக்காக நிற்காது, திரும்பியும் வராது.

மூன்றாவது, வில்லின் இயல்பு. தந்தி வாத்தியக் கலைஞர்கள் வில்லைத் தந்தியில் பதித்து ஒலியை எழுப்பும் முறையில் ஒலியின் தொடக்கம் சற்று மெதுவாக மலரும். டிரம்ஸோடு சேரும்போது குழு பின்தங்குவதுபோலத் தோன்றும். செவ்வியல் பயிற்சி பெற்றவர்களை ‘ஸ்விங்’ (ஜாஸுக்கே உரிய துள்ளும் நடை) செய்யவைக்க முயன்று தோற்ற பதிவுகள் ஏராளம். சாட்டர் அவர்களை ஸ்விங் செய்யச் சொல்லவே இல்லை. அவர்களுக்கு இயல்பான கூரிய ஸ்டக்காட்டோவையும் (வெட்டி வாசிப்பது) பிசிகாட்டோவையும் (விரலால் மீட்டுவது) நீண்ட லெகாட்டோவையும் (இழைத்து வாசிப்பது) கொடுத்தார். ஸ்விங் வேண்டிய இடத்தில் அதைக் கெட்ஸ் தம் மூச்சிலிருந்து கொண்டுவருகிறார். ‘நைட் ரைடர்’ பகுதியில் குழு குதிரைப் பாய்ச்சலின் நடையைத் துல்லியமாகப் பிடித்திருக்க, கெட்ஸ் அந்த நடைக்குச் சற்றுப் பின்னும் முன்னுமாக அசைவதைக் கேட்டால் நான் சொல்வது விளங்கும். அந்த இழுபறியே அந்தப் பகுதியின் உயிர்.

ஐயவினா:

அனைவரின் விளக்கங்களும் கற்றுக்கொள்ளத் தக்கவையாக உள்ளன. என் ஐயம் இன்னும் அடிப்படையானது.

ஜாஸில் மனோதர்மம் என்பது உரையாடல். கலைஞர் ஒரு சொற்றொடரை வாசிக்கிறார். பியானோக் கலைஞர் அதற்கு மறுமொழி தருகிறார். டிரம்ஸ் அதைத் தள்ளுகிறது. அவர் திசை மாறுகிறார். ஒருவர் சொல்வது மற்றவரை மாற்றவேண்டும். ‘ஃபோகஸ்’ ஆல்பத்திலோ தந்தி வாத்தியக் குழுவின் ஒவ்வொரு ஸ்வரமும் முன்பே தாளில் எழுதப்பட்டுவிட்டது. கெட்ஸ் என்ன வாசித்தாலும் வயலின்கள் அதே ஸ்வரங்களைத்தான் வாசிக்கும்.

அது மட்டுமன்று. பதிவு நடந்த நாட்களில் கெட்ஸின் தாயார் காலமாகிவிட்டார். கெட்ஸ் வரமுடியாத நிலையில் தந்தி வாத்தியப் பகுதிகள் சில அவர் இல்லாமலேயே பதிவு செய்யப்பட்டன. பிறகு அவர் ஹெட்போனில் அவற்றைக் கேட்டபடி தம் பகுதியை வாசித்துச் சேர்த்தார். அந்தப் பகுதிகளில் குழுவினர் கெட்ஸை ஒருமுறைகூடக் கேட்கவில்லை. ஒரு தரப்பு மற்றத் தரப்பைக் கேட்கவே இயலாத இதனை உரையாடல் என்று சொல்வது பொருந்துமா? மிக அழகான தனிமொழி என்று வேண்டுமானால் சொல்லலாம்.

மந்த்ரஸ்தாயி:

ஐயவினா அவர்கள் சரியான இடத்தில் கைவைத்திருக்கிறார். இதற்கு மறுமொழி தராமல் என் கருத்து நிற்காது.

உரையாடலுக்கு இருவரும் மாறவேண்டும் என்பது ஒரு சிறு ஜாஸ் குழுவின் நடைமுறையிலிருந்து எடுத்த வரையறை. அதைவிட அடிப்படையான தேவை ஒன்று உண்டு: சொல்வது எதுவோ அது கேட்டதிலிருந்து பிறக்கவேண்டும். கெட்ஸின் ஒவ்வொரு சொற்றொடரும் அவ்வாறு பிறந்ததா என்பதையே நான் பார்க்கிறேன். ‘ஹெர்’ பகுதியைக் கேளுங்கள். அதைக் கெட்ஸ் தம் தாயாருக்கு உரித்தாக்கினார். குழு மெதுவாக ஒரு சொற்றொடரை எடுத்து, அதை முடிக்காமல் விடுகிற இடங்கள் அதில் உள்ளன. கெட்ஸ் சில இடங்களில் அதை முடித்துவைக்கிறார். சில இடங்களில் முடிக்காமல் வேறொரு கேள்வியை அதன்மேல் வைக்கிறார். வேறு சில இடங்களில் ஒரே ஸ்வரத்தை நிறுத்திப் பிடித்துக்கொண்டு, அடியில் ஒத்திசைவு மாறுவதால் அந்த ஸ்வரத்தின் பொருளே மாறும்படி விட்டுவிடுகிறார். கடைசியாகச் சொன்னது மிக நுட்பமானது. அங்கே மாறுவது குழு, கெட்ஸ் அசையவில்லை, ஆனால் கேட்பவருக்குக் கெட்ஸ் ஏதோ புதிதாகச் சொன்னதாகவே தோன்றுகிறது. முன்பே எழுதப்பட்ட இசை அவருக்கு மறுமொழி தருவதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

சாட்டரின் பக்கத்திலிருந்தும் ஒன்றைச் சொல்லவேண்டும். அவர் கெட்ஸின் வாசிப்பை நன்கு அறிந்தே எழுதினார். கெட்ஸ் எந்த இடத்தில் ஏறுவார், எந்த இடத்தில் காற்றாய்த் தேய்வார் என்பதை முன்னுணர்ந்து எழுதிய இசை, ஒருவகையில் கெட்ஸைக் கேட்டுவிட்டு எழுதிய இசைதான். கேட்டல் அங்கேயும் நடந்திருக்கிறது. அது பதிவுக் கூடத்தில் நடக்கவில்லை, சாட்டரின் எழுது மேசையில் நடந்தது.

தாளக்கட்டு:

முதல் பகுதியான ‘ஐம் லேட், ஐம் லேட்’ பற்றி இன்னும் யாரும் பேசவில்லையே! ஐயவினா அவர்களின் கேள்விக்கும், பழந்தட்டு ஐயா முன்வைத்த ‘பிரித்தறிய முடியவில்லை’ என்ற குறைக்கும் அங்கே ஒருசேர விடை கிடைக்கிறது.

ஏழு பகுதிகளில் ஜாஸ் டிரம்ஸ் தலைமை தாங்குவது இந்த ஒன்றில்தான். வாசித்தவர் ராய் ஹேன்ஸ். இதே ஹேன்ஸ்தான் 1950-இல் சார்லி பார்க்கர் தந்தி வாத்தியங்களோடு மேடையேறியபோதும் டிரம்ஸ் வாசித்தவர் என்பதை நினைவிற்கொள்ளுங்கள். பழந்தட்டு ஐயா சொன்ன மரபுக்கும் இந்த ஆல்பத்துக்கும் அவர் ஒரு பாலம். குழு, கூரிய சிறு கருவொன்றை வெடுக்கென்று எடுத்து வீசுகிறது. ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்டோக் 1936-இல் எழுதிய, தந்தி வாத்தியங்களுக்கும் தாள வாத்தியங்களுக்கும் செலஸ்டா என்ற மணியொலி விசைப்பலகைக்குமான படைப்பின் இரண்டாம் பகுதியை அறிந்தவர்களுக்கு அந்தத் தொடக்கம் உடனே நினைவுக்கு வரும். ஹேன்ஸ் இடையிடையே துண்டு துண்டாகப் பேசி, தாளத்தைக் காப்பவராக மட்டுமன்றிச் சமமான பங்காளியாகவும் நிற்கிறார். அவருடைய பகுதியும் முழுவதும் எழுதிவைத்ததன்று.

இப்போது முக்கியமான செய்திக்கு வருகிறேன். அந்தப் பகுதி எட்டு நிமிடத்துக்குச் சற்று மேல் நீள்கிறது. ஆனால் சாட்டர் எழுதியது ஏறத்தாழ அதில் பாதி அளவே. இருமுறை வாசித்துப் பதிவு செய்தார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று குறையாதவையாக அமைந்ததால், எதைக் கைவிடுவது என்று முடிவு செய்ய மனமின்றி, இரண்டையும் நாடாவில் ஒட்டி ஒரே பகுதியாக வெளியிட்டார்கள். ஆகவே நாம் கேட்பது, ஒரே எழுதிய இசை இருமுறை. அதன்மேல் கெட்ஸின் இருவேறு வாசிப்புகள்.

இதைவிட நேர்மையான ஒப்பீடு எங்கே கிடைக்கும்? முதல் பாதியில் குழு ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது கெட்ஸ் என்ன செய்தார் என்று நினைவில் வைத்துக்கொண்டு, இரண்டாம் பாதியில் அதே இடம் வரும்போது கவனியுங்கள். எழுதப்பட்டது எதுவோ அது திரும்ப வரும். அப்போது தோன்றியது எதுவோ அது திரும்ப வராது. பழந்தட்டு ஐயா, பார்க்கரின் பாடலில் தாங்கள் போற்றிய அதே வசதி, கேட்பவருக்குத் தெரிந்த பாதை ஒன்று முன்கூட்டியே கிடைப்பது, இங்கேயும் கிடைத்துவிடுகிறது. முதல் நான்கு நிமிடங்கள் அந்தப் பாதையைக் கற்பிக்கின்றன. அடுத்த நான்கு நிமிடங்களில் கெட்ஸ் அதிலிருந்து எவ்வளவு விலகுகிறார் என்று அளந்து பார்க்கலாம்.

பழந்தட்டு:

தாளக்கட்டு அவர்களின் விளக்கம் எனக்குப் பெரும் மகிழ்ச்சி அளிக்கிறது. அந்த ஒரு பகுதியைப் பொறுத்தவரை அது முற்றிலும் பொருந்தும். மற்ற ஆறு பகுதிகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை என்பதால் என் குறையை விலக்கிக்கொள்ளவில்லை.

இந்த இடத்தில் சாட்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசவேண்டும். 1914-இல் புரூக்ளினில் பிறந்தவர். 1930-களில் ரெட் நார்வோவின் குழுவுக்கும், அதன்பின் கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மேனின் குழுவுக்கும் இசைக்கோப்பு செய்தார். குட்மேனுக்காக அவர் எழுதிய ‘பென்னி ரைட்ஸ் அகேன்’, ‘கிளாரினெட் அ லா கிங்’ போன்றவற்றைக் கேட்டால், நடனக் கூடத்துக்காக எழுதும் ஒருவர் உட்குரல்களில் இவ்வளவு அக்கறை காட்டுவாரா என்று வியப்பாக இருக்கும். அவ்வளவு அடர்த்தி குட்மேனுக்கே சில சமயம் மிகுதியாகப்பட்டு, எழுதியதிலிருந்து சிலவற்றை அவர் நீக்கிவிடுவது உண்டு. இடையில் காசநோயால் சாட்டர் நெடுநாள் துன்புற்றார். ஸ்டெஃபான் வோல்பே போன்ற நவீன இசையமைப்பாளரிடமும் பயின்றார். 1952-இல் பில் ஃபினெகனோடு சேர்ந்து சாட்டர்-ஃபினெகன் இசைக்குழுவைத் தொடங்கினார். பல புதுமைகள் செய்தும் அது பொருளாதாரத்தில் நிலைக்கவில்லை. பிறகு சிறிது காலம் ஜெர்மனியின் பாடன்-பாடன் வானொலிக் குழுவை நடத்திவிட்டு அமெரிக்கா திரும்பினார்.

நாற்பத்தாறு வயதுவரை, எழுதியதை எவரும் வெட்டாமல், எவருடைய பாடலையும் தாங்கிப் பிடிக்கவேண்டிய கட்டாயம் இல்லாமல், முழுக்கத் தமக்கே உரிய இசையை எழுதும் வாய்ப்பு அவருக்கு அரிதாகவே கிடைத்தது. ‘ஃபோகஸ்’ கெட்ஸின் ஆல்பம் என்று கடைகளிலும் பட்டியல்களிலும் வழங்கப்படுகிறது. அதை இருவரின் ஆல்பம் என்று சொல்வதே நீதி.

ஐயவினா:

கடைசி வாக்கியத்தோடு முழுமையாக உடன்படுகிறேன். என் ஐயத்தின் வேரும் அதுவே என்று இப்போது தெளிவாகச் சொல்ல முடிகிறது. சாட்டரின் இசை தனித்தே நிற்கக்கூடியது என்றால், வேறொரு சாக்ஸபோன் கலைஞர் அதே தாள்களை வைத்துக்கொண்டு வாசிக்கலாம் அல்லவா? அலெக்சாண்டர் கிளாஸுனோவ் 1934-இல் ஆல்ட்டோ சாக்ஸபோனுக்கும் தந்தி வாத்தியக் குழுவுக்கும் ஒரு கான்சர்ட்டோ (தனிக் கருவியும் குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) எழுதினார். அதில் சாக்ஸபோனின் ஒவ்வொரு ஸ்வரமும் எழுதப்பட்டிருக்கிறது. தனித்து வாசிக்கும் கடென்சாவும் அப்படியே. ஆகவே தலைமுறை தலைமுறையாகப் பலர் அதை வாசிக்கிறார்கள். வாசிப்பவர் மாறினாலும் படைப்பு மாறுவதில்லை. ‘ஃபோகஸ்’ அப்படிப் பலர் கைக்குச் சென்றதா? சென்றாலும் அது ‘ஃபோகஸ்’ ஆகத் தோன்றுமா? தோன்றாது என்றால், சாட்டரின் படைப்பு முழுமையானது என்ற கூற்று தளர்கிறது. தோன்றும் என்றால், கெட்ஸின் பங்கு இன்றியமையாதது என்ற கூற்று தளர்கிறது.

மந்த்ரஸ்தாயி:

கூர்மையான இருதலைக் கேள்வி. என்னளவில் இதற்கு விடை இப்படி அமைகிறது.

சாட்டரின் தாள்கள் ஒரு முழுமையான படைப்பு. கெட்ஸின் வாசிப்போடு சேர்ந்த ஒலிப்பதிவு இன்னொரு முழுமையான படைப்பு. முன்னதை வேறொருவர் வாசிக்கலாம். பின்னது ஒலிநாடாவில் மட்டுமே வாழ்கிறது. மேலைச் செவ்வியல் மரபில் படைப்பு தாளில் இருக்கிறது. ஜாஸில் படைப்பு பெரும்பாலும் பதிவில் இருக்கிறது. ‘ஃபோகஸ்’ இரண்டிலும் ஒருங்கே இருப்பதால் எந்த ஒரு மரபின் அளவுகோலாலும் அதை முழுமையாக அளக்க முடிவதில்லை.

இதன் நடைமுறை விளைவைப் பாருங்கள். அந்த ஏழு பகுதிகளை மேடையில் வாசிக்க விரும்பும் சாக்ஸபோன் கலைஞர் ஒரு நெருக்கடியைச் சந்திக்கிறார். கெட்ஸ் வாசித்ததை எழுதி எடுத்து அப்படியே வாசித்தால், எழுதாத குரல் என்ற அடிப்படையையே குலைத்துவிடுகிறார். கெட்ஸை மறந்து வாசிக்க முயன்றாலோ, அவர் காதிலும் நம் காதிலும் கெட்ஸ் ஒலித்துக்கொண்டே இருக்கிறார். பிரெஞ்சு சாக்ஸபோன் கலைஞர் சில்வன் ரிஃபிளே 2017-இல் ‘ரீ-ஃபோகஸ்’ என்ற ஆல்பத்தை வெளியிட்டபோது, சாட்டரின் பகுதிகளை மீண்டும் வாசிக்காமல் அதே எண்ணத்தில் புதிய இசையோடு வந்தார். நெருக்கடியிலிருந்து வெளிவர அதுவே நேர்மையான வழி என்று எனக்குத் தோன்றுகிறது.

சாட்டரும் கெட்ஸும்கூடத் திரும்பிப் போய் அதையே செய்யவில்லை. 1965-இல் ஆர்தர் பென் இயக்கிய ‘மிக்கி ஒன்’ படத்துக்காக மீண்டும் இணைந்தார்கள். 1966-இல் ஆர்தர் ஃபீட்லர் நடத்திய பாஸ்டன் பாப்ஸ் இசைக்குழுவோடு சாட்டரின் ‘டாங்கிள்வுட் கான்சர்ட்டோ’வைக் கெட்ஸ் வாசித்தார். இரண்டும் மதிக்கத்தக்கவை. ஆனால் இசைக்குழு பெரிதாகி, பித்தளைக் காற்றுக் கருவிகளும் மரக் காற்றுக் கருவிகளும் சேர்ந்தபின், 1961-இன் அந்த நெருக்கம் தளர்ந்துவிட்டது என்பது என் கணிப்பு.

வயோலாக்காரர்:

நெருக்கம் தளர்ந்ததற்கு ஒரு காரணம் சொல்லலாம். ‘ஃபோகஸ்’ குழுவின் மையத்தில் இருந்தது போ ஆர்ட்ஸ் தந்தி நால்வர் குழு. ஒரு நால்வர் குழு ஆண்டுக்கணக்கில் சேர்ந்து வாசித்து, ஒருவர் வில்லின் அசைவை மற்றவர் எதிர்பார்த்துப் பழகியிருக்கும். அதைச் சுற்றிப் பெரிய குழுவை அமைக்கும்போது, எண்ணிக்கை கூடினாலும் உள்ளே சேம்பர் இசையின் (சிறு குழு இசையின்) ஒழுங்கு கெடாமல் இருக்கும். அவசரத்துக்குக் கூட்டிய பதிவுக்கூடக் குழுவிடம் இதை எதிர்பார்க்க முடியாது. நடத்தியவர் ஹெர்ஷி கேயும் பெர்ன்ஸ்டைனின் மேடை இசைக்கும், பாலன்சினின் பாலே நடனங்களுக்கும் இசைக்கோப்பு செய்தவர். தந்தி வாத்தியங்களின் எடையை அறிந்தவர்.

பிற்காலத்தில் இந்த வழியில் வந்தவற்றுள் மைக்கேல் பிரெக்கர் வாசிக்க, கிளாஸ் ஓகர்மன் எழுதிய 1982-இன் ‘சிட்டிஸ்கேப்’ ஆல்பத்தை மிக உயர்வாக மதிக்கிறேன். ஓகர்மனின் ஒத்திசைவு செழுமையானது. ஆயினும் அங்கே டிரம்ஸும் பாஸும் கீபோர்டும் கொண்ட தாளப் பிரிவு கீழே நிலையாக நிற்பதால், பிரெக்கர் தந்தி வாத்தியங்களை மட்டும் நம்பி நிற்கவேண்டிய நிலை வருவதில்லை. கெட்ஸுக்குக் காலடியில் தரை இல்லாத அந்தத் துணிவு வேறு வகையானது.

தாளக்கட்டு:

இந்த ஆல்பம் ஏன் பரவலாக அறியப்படாமல் போயிற்று என்று ஒருவர் தனிச்செய்தியில் கேட்டார். என் விடையைப் பொதுவிலேயே வைக்கிறேன். 1962 பிப்ரவரி 13 அன்று கெட்ஸ் வாஷிங்டனில் ஒரு தேவாலயத்தின் அரங்கில் கிதார் கலைஞர் சார்லி பேர்டோடு ‘ஜாஸ் சாம்பா’வைப் பதிவு செய்தார். அதே கிரீட் டெய்லர்தான் தயாரிப்பாளர். அது அமெரிக்காவில் போஸ நோவா என்ற பிரேசிலிய இசையின் அலையைக் கிளப்பி, 1963-இல் பில்போர்ட் இதழின் பொது ஆல்பம் பட்டியலிலேயே முதலிடத்தைப் பிடித்தது. அதன்பின் கெட்ஸ் என்றாலே மக்களுக்குப் பிரேசிலியத் தாளம்தான் நினைவுக்கு வந்தது. சில மாதங்களே முந்திய ‘ஃபோகஸ்’ அந்தப் பேரொலியில் மறைந்துபோனது. தம் ஆல்பங்களில் தாம் மிகவும் மதிப்பது ‘ஃபோகஸ்’தான் என்று கெட்ஸ் பிற்காலத்தில் சொல்லிவந்தும் நிலைமை பெரிதாக மாறவில்லை.

புதுச்செவி:

இவ்விழையை முழுவதும் படித்தேன். ஜாஸும் மேலைச் செவ்வியல் இசையும் எனக்கு ஏறத்தாழப் புதியவை. எங்கிருந்து தொடங்கலாம் என்று பெரியவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஐயவினா:

மறுத்துப் பேசியவன் என்பதால் நானே முதலில் சொல்கிறேன்: தயங்காமல் ‘ஹெர்’ பகுதியில் தொடங்குங்கள். உரையாடலா தனிமொழியா என்ற என் கேள்வி இன்னும் எனக்குத் தீரவில்லை. ஆனால் எந்தப் பெயரிட்டு அழைத்தாலும், அந்தப் பகுதியில் கெட்ஸ் வாசித்திருப்பது மனிதர் ஒருவரின் துயரம் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

வயோலாக்காரர்:

அதன்பின் ‘ஐம் லேட், ஐம் லேட்’ கேளுங்கள், ஆனால் முதல்முறை கெட்ஸைக் கவனிக்கவேண்டாம். காதைச் செல்லோக்களின்மேல் மட்டும் வைத்து எட்டு நிமிடமும் தொடருங்கள். இசை பாதியில் மீண்டும் தொடங்குவது தானாகவே பிடிபடும். இரண்டாம்முறை கெட்ஸைத் தொடருங்கள். நல்ல ஹெட்போன் இருந்தால் நல்லது; கைபேசியின் சிறிய ஒலிபெருக்கியில் நடுக்குரல்கள் கேட்கவே கேட்காது, இந்த ஆல்பத்தின் பாதி அங்கேதான் இருக்கிறது.

பழந்தட்டு:

அதையும் முடித்தபின் பார்க்கரின் ‘ஜஸ்ட் ஃபிரெண்ட்ஸ்’ பாடலையும் ஒருமுறை கேட்டுவிடுங்கள், தம்பி. பிறகு வந்து எந்தப் பக்கம் என்று எழுதுங்கள்.